யார் கண்ணு வழியா? எந்த இடத்துல?

க்ரைம் த்ரில்லர் எழுத உட்கார்ந்ததும் நாம முதல்ல யோசிக்கிறது, "கொலைகாரன் யாரு?" என்பதைத்தான். அதுக்கு முன்னாடி ரெண்டு கேள்விக்குப் பதில் வேணும். கதையை யார் சொல்றாங்க? அது எங்கே நடக்குது? வாசகருக்கு எது, எப்போ தெரியணும்னு முடிவு பண்றது இந்த ரெண்டும்தான்.

உதாரணத்துக்கு, ஆர்தர் கோனன் டாயில் எழுதிய 'தி ஹவுண்ட் ஆஃப் தி பாஸ்கர்வில்ஸ்'. 1901-02ல் லண்டன் 'ஸ்ட்ராண்ட்' இதழில் தொடராக வந்த நாவல்.

கதை சொல்றவர் வாட்சன். ஏன் ஹோம்ஸ் சொல்லல? ஹோம்ஸ் சொன்னா அவர் சந்தேகமெல்லாம் நமக்கும் தெரிஞ்சாகணும். மறைச்சா, வாசகரை ஏமாத்தின மாதிரி ஆயிடும். வாட்சன் பார்த்ததை நேர்மையா சொல்வார். ஆனா அதோட அர்த்தம் அவருக்கே தெரியாது. சி புரோகிராம்ல லோக்கல் வேரியபிள் மாதிரிதான் இது. வாட்சனுக்கு வெளியே இருக்கிற எதுவும் நமக்கு எட்டாது.

நாவலின் நடுவில் ஹோம்ஸ் லண்டனில் தங்குவதாகச் சொல்லிவிட, வாட்சன் ஹோம்ஸ் இல்லாமல் டார்ட்மூர் போகிறார். அங்கிருந்து அவர் எழுதும் கடிதங்களும் டைரியும்தான் சில அத்தியாயங்கள். எழுதும்போது நாளைக்கு என்ன நடக்கும்னு அவருக்கும் தெரியாது. அந்த பயம் நமக்கும் ஒட்டிக்குது.

டார்ட்மூர், இங்கிலாந்தின் டெவன் பகுதியில் நிஜமாவே இருக்கிற மேட்டுநிலம். புதைசேறு, மூடுபனி, பழங்காலக் கல்குடிசைகள், பிரின்ஸ்டவுன் சிறை எல்லாமே அங்கே உண்டு. நாவலில் இவை ஒவ்வொண்ணுக்கும் ஒரு வேலை இருக்கு. சிறையிலிருந்து தப்பின கைதி நம்ம சந்தேகத்தைத் திசைதிருப்புறான். கல்குடிசையில யாரோ ஒளிஞ்சிருக்காங்க. கடைசியில மூடுபனி, ஹோம்ஸ் போட்ட திட்டத்தையே கவிழ்க்கப் பாக்குது.

ஒரு ராத்திரி, தூரத்துப் பாறை மேல, நிலவுக்கு எதிரே ஒரு உருவம் நிக்குது. வாட்சன் பார்க்கிறார். யாருன்னு தெரியல. திறந்த வெளிங்கிறதால உருவம் தெரியுது. பார்க்கிறவர் வாட்சன்ங்கிறதால ஆள் தெரியல. இடமும் பார்வையும் ஒரே காட்சியில சேர்ந்து வேலை செய்யுது.

உங்க கதை ஹாஸ்டல்ல நடக்குதுன்னு வைங்க. ராத்திரி கேட் பூட்டினதும் சந்தேக வட்டம் சுருங்கிடும். வார்டன் சொன்னா ஒரு கதை, ரூம்மேட் சொன்னா வேற கதை. எழுதி முடிச்சதும் ஆளையும் இடத்தையும் மாத்திப் பாருங்க. கதையில எதுவுமே மாறலைன்னா, அந்த ரெண்டையும் நீங்க இன்னும் பயன்படுத்தவே இல்லைன்னு அர்த்தம்.