சுவருக்குப் பின்னால் நிற்கும் தண்ணீர்

மேட்டு நிலத்தில் கட்டிய பள்ளியில் படிக்கிறீர்களா? அப்படியானால் மண்ணைத் தாங்கி நிற்கும் தடுப்புச் சுவரைத் தினமும் கடந்து போவீர்கள். அதன் முகப்பில் சிறு குழாய்களின் வாய்கள் வரிசையாகத் தெரியும். சிலர் அவற்றில் மிட்டாய்த் தாளைச் செருகிவிட்டுப் போவார்கள். அந்தச் சுவரின் ஆயுள் பெரும்பாலும் அந்தத் துளைகளில்தான் இருக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கன மீட்டர் மண்ணின் எடை ஏறக்குறைய 1.8 டன். அதாவது கிட்டத்தட்ட இரண்டு மைவி கார்கள். நல்லவேளை, அந்த எடை முழுவதும் சுவரைத் தள்ளுவதில்லை. மண் துகள்கள் ஒன்றோடொன்று உராய்ந்து பிடித்துக்கொள்வதால், கீழ்நோக்கிய அழுத்தத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் பக்கவாட்டில் சுவரைத் தாக்குகிறது. தண்ணீருக்கு அந்தப் பிடிப்பு கிடையாது. கீழே எவ்வளவு அழுத்துகிறதோ, பக்கத்திலும் அவ்வளவு அழுத்தும்.

3 மீட்டர் உயரமுள்ள சுவரை எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் இருப்பது வெறும் மண் என்றால், ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் சுமார் 2.7 டன் எடைக்குச் சமமான விசை தள்ளும். துளைகள் அடைபட்டு உச்சிவரை நீர் நிரம்பினால் அது சுமார் 6 டன்னாக உயரும். மண்ணும் அதேதான், சுவரும் அதேதான்!

சிலாங்கூரின் உலு கிள்ளானில் இது வெறும் கணக்காக இருக்கவில்லை. 1993 டிசம்பர் 11ஆம் தேதி, பல நாள் மழைக்குப் பிறகு ஹைலண்ட் டவர்ஸ் குடியிருப்பின் பின்புறக் குன்று சரிந்தது. குன்றின் தடுப்புச் சுவர்கள் தாங்கவில்லை. வடிகால்களும் போதுமானவையாக இல்லை. 12 மாடிக் கட்டடம் ஒன்று அப்படியே சாய்ந்தது. 48 பேர் உயிரிழந்தனர்.

விரிசல் விட்ட சுவரை உடனே சரிசெய்துவிடலாமே என்று தோன்றும். ஆனால் பழுதுபார்க்கும் நாள்களில்தான் ஆபத்து உச்சத்தில் இருக்கும். சரிவின் மேற்பகுதி மண் கீழே இறங்கப் பார்க்கிறது. அடிவாரத்து மண் அதை மறித்து நிற்கிறது. அடித்தளத்தைப் பார்க்க வேண்டும் என்று அடிவாரத்தை நீளவாக்கில் ஒரேயடியாகத் தோண்டினால், மறித்து நின்றதையே அகற்றிவிடுகிறோம்.

இதில் மண் நம்மை ஏமாற்றவும் செய்யும். கடற்கரையில் மணல்வீடு கட்டியிருக்கிறீர்களா? ஈர மணல் செங்குத்தாக நிற்கும். துகள்களுக்கு இடையிலுள்ள மெல்லிய நீர்ப்படலம் அவற்றை இழுத்துப் பிடிப்பதே காரணம். ஓர் அலை வந்து நனைத்தால் அந்தப் பிடி போய்விடும். நம் குன்றுகளில் உள்ள, பாறை சிதைந்து உண்டான மண்ணும் அப்படித்தான். காலையில் நேராக வெட்டிய மண்சுவர் அசையாமல் நிற்கும். அதை நம்பி ஒரு தொழிலாளி குழிக்குள் இறங்குவார். மாலை மழையில் அதே மண் அவர்மேல் விழும். மார்பளவு புதைந்தாலே மூச்சு விடுவது கடினம்.

ஆகவே பொறியாளர்கள் வேலையை மேலிருந்து தொடங்குகிறார்கள். முதலில் உச்சியிலுள்ள பாரத்தைக் குறைப்பார்கள். லாரி, மண்வாரி இயந்திரம், செங்கல் குவியல் எதுவும் விளிம்பருகே இருக்கக்கூடாது. தோண்டிய மண்ணையும் அங்கே கொட்டக்கூடாது (அருகில் கொட்டுவது சுலபம் என்பதால் அடிக்கடி நடக்கும் தவறு இது). மழைநீர் இறங்காதபடி சரிவைத் தார்ப்பாயால் மூடி, நீரை வேறு பக்கம் திருப்பிவிடுவார்கள். வெட்டும் மண்ணைச் செங்குத்தாக விடாமல் படிப்படியாகச் சாய்ப்பார்கள். அடிவாரத்தைத் தொட வேண்டியிருந்தால், ஒரு சிறு பகுதியைத் தோண்டி, கட்டி, மூடிவிட்டுத்தான் இன்னொன்றைத் தொடுவார்கள். அதுவும் அடுத்துள்ளதை அல்ல, ஒன்று விட்டு ஒன்றை. தோண்டாத பகுதிகள் அதுவரை பாரத்தைத் தாங்கும்.

சுவர் எழுந்ததும் அதன் பின்னால் களிமண்ணை நிரப்பக்கூடாது. நீர் எளிதாக இறங்கும் சரளைக் கல், அதைச் சுற்றி மண்ணை வடிகட்டும் துணி, அடியில் துளையிட்ட குழாய் ஆகியவை தேவை. அடுத்த பெருமழையில் துளைகளைப் பாருங்கள். முதலில் சற்றுக் கலங்கலாக வரும் நீர் பிறகு தெளிந்துவிட வேண்டும். தொடர்ந்து செந்நிறமாகவே ஓடினால், துணியைத் தாண்டி மண் வெளியேறுகிறது, சுவருக்குப் பின்னால் வெற்றிடம் உருவாகிறது என்று பொருள். அப்போது பொறியாளரை மறுபடியும் அழைக்க வேண்டியதுதான்.