கைப்பேசிப் பட்டியலுக்கு ஒரு காகிதப் படி

வங்கிக் கிளைகளில் பாஸ்புக் அச்சிடும் இயந்திரத்தின் முன் நிற்கும் வரிசை இன்னும் மறைந்துவிடவில்லை. அவ்வரிசையில் நிற்போரில் பலர் கைப்பேசியிலேயே இருப்பைப் பார்க்கத் தெரிந்தவர்கள், யு.பி.ஐ. வழியாக நாள்தோறும் பணம் அனுப்புபவர்கள். கணக்கின் மூலப்பதிவு வங்கியின் கணினியில்தான் இருக்கிறது என்பதும் அவர்கள் அறியாததன்று. இருந்தும், அதன் அச்சுப்படி ஒன்று வீட்டு அலமாரியில் இருக்க வேண்டும் என்று விரும்புகிறார்கள். இதைப் பழமைப் பற்று என்று ஒதுக்கிவிடுதல் எளிது. ஆனால் மின்சாரமும் கடவுச்சொல்லும் இன்றி வீட்டிலுள்ள எவரும் அந்தப் புத்தகத்தைத் திறந்து படிக்கலாம் என்பதை எண்ணினால், அவ்விருப்பத்திலுள்ள நியாயம் விளங்கும்.

அதே நியாயம், நாம் கைப்பேசியில் வைத்திருக்கும் ‘செய்ய வேண்டியவை’ பட்டியலுக்கும் பொருந்தும்.

பட்டியல் செயலிகளின் சிறப்பை மறுப்பதற்கில்லை. எத்தனை வரிகள் எழுதினாலும் அங்கே இடமுண்டு. குறித்த நாளில் குறித்த மணிக்கு ஒலியெழுப்பும். ஆண்டுதோறும் திரும்பி வரும் கடமையை ஒருமுறை பதிந்தால் போதும். ஆகவே மூலப்பட்டியல் அங்கேயே இருக்கட்டும். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. இடம் குறையாத பட்டியலுக்கு முடிவும் இல்லை. சென்ற மாதம் எழுதிய ‘பெட்டக வாடகை’, நேற்று எழுதிய ‘எரிவாயு உருளை’, மூன்றாண்டுகளாகக் கிடக்கும் ‘பழைய புகைப்படங்களை ஒழுங்குபடுத்துதல்’ ஆகிய மூன்றும் ஒரே அளவு எழுத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கின்றன. அவற்றைப் பார்க்கலாம் என்று கைப்பேசியைத் திறந்தால், பட்டியலை அடைவதற்கு முன்பே இரண்டு செய்திகளும் ஒரு காணொளியும் குறுக்கிடுகின்றன. நினைவூட்டும் மணியோ நாம் பேருந்தில் நின்றுகொண்டிருக்கும்போது ஒலிக்கிறது. விரலால் தள்ளிவிட்ட பின், அது ஒலித்ததே மறந்துபோகிறது.

தாளில் இந்தத் தாராளம் இல்லை. கண்ணுக்கு உறுத்தாத எழுத்தில் அச்சிட்டால் ஒரு பக்கத்தில் இருபது, இருபத்தைந்து வரிகளே அடங்கும். எவற்றை அச்சிடுவது என்று தேர்ந்தெடுத்தாக வேண்டும். காகிதப் படியின் முதற்பயன் அந்தத் தேர்வில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. அச்சிடுவதற்கு முன் நூறு வரிகளைப் படித்து, எண்பதை ‘இவ்வாரம் அன்று’ என்று ஒதுக்கும் அந்தப் பத்து நிமிடங்களில் மனம் தெளிந்துவிடுகிறது.

முடியாத வேலைகள் மனத்தை எவ்வாறு நச்சரிக்கின்றன என்பதை உளவியலாளர்கள் நெடுங்காலமாக ஆராய்ந்து வந்திருக்கிறார்கள். பாதியில் நின்ற பணிகளே முடிந்தவற்றைவிட நன்கு நினைவில் நிற்கின்றன என்று பெர்லினில் ஆய்வு செய்த புளூமா ஸைகார்னிக் 1927-இல் எழுதினார். பின்னாளில் அதே சோதனையைச் செய்து பார்த்த எல்லோருக்கும் அதே விடை கிடைக்கவில்லை. ஆனால் மாசிகாம்போ, பாமைஸ்டர் என்னும் இருவர் 2011-இல் வெளியிட்ட ஆய்வு நமக்கு உதவக்கூடியது. முடியாத வேலையை முடித்தால்தான் மனம் அமைதியுறும் என்பதில்லை. அதை எப்போது, எவ்வாறு செய்வது என்று திட்டமாகக் குறித்துவிட்டாலே அதன் குறுக்கீடு தணிகிறது என்று அவர்கள் கண்டார்கள். ‘வைப்பு’ என்று ஒற்றைச் சொல்லாகப் பதிந்து வைப்பதற்கும், ‘வியாழன் காலை, கிளையில், வைப்பைப் புதுப்பிக்கும் படிவம்’ என்று எழுதுவதற்கும் உள்ள வேறுபாடு இதுவே. அச்சிடும் தாளில் இரண்டாவது வகை வரிகளே இடம்பெற வேண்டும்.

எழுதிய பட்டியலின் வலிமையை உலகுக்குக் காட்டியது விமானத் துறை. 1935 அக்டோபர் 30 அன்று, அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் போயிங் நிறுவனத்தின் ‘மாடல் 299’ விமானம் புறப்பட்ட சிறிது நேரத்தில் விழுந்து நொறுங்கியது. அதை ஓட்டியவர் கைதேர்ந்த விமானி. தரையில் நிற்கும்போது காற்றில் அசையாதிருக்கச் சுக்கான்களைப் பூட்டிவைக்கும் பூட்டு, புறப்படுமுன் விடுவிக்கப்படவில்லை. விபத்தால் இருவர் உயிரிழந்தனர். அதன்பின் விமானிகள் பயிற்சியை நீட்டிப்பதோடு நிற்கவில்லை. புறப்படுமுன் பார்க்க வேண்டியவற்றை வரிசையாக எழுதிய பட்டியலை உருவாக்கிக்கொண்டார்கள். இன்று பல விமானங்களில் அப்பட்டியல் மின்திரையில் தோன்றுகிறது. ஆயினும், திரை ஒளிராத நேரத்துக்கென அச்சிட்ட கைநூலும் விமானியறையில் வைக்கப்படுகிறது.

வீட்டுக்கு அத்தனை கடுமை தேவையில்லை. வாரத்துக்கு ஒருமுறை, ஞாயிறு மாலையில் என்று வைத்துக்கொள்ளுங்கள். சில செயலிகளில் அச்சிடும் வசதி உண்டு; இல்லாதவற்றில் பட்டியலை நகலெடுத்து ஓர் ஆவணத்தில் ஒட்டிக்கொள்ளலாம். கூகுள் கீப்பில் உள்ள குறிப்பை கூகுள் டாக்ஸுக்கு அப்படியே அனுப்பலாம். வீட்டில் அச்சுப்பொறி இல்லையெனில் கையால் பார்த்தெழுதுவதில் குறைவொன்றும் இல்லை. தாளின் தலைப்பில் அச்சிட்ட தேதி கட்டாயம் இருக்கட்டும்; பழைய படியைப் புதிதென்று எண்ணிக் குழம்புவதை அது தவிர்க்கும். வலப்புறம் மூன்று விரல் அகலத்துக்கு வெற்றிடம் விடுங்கள். வாரத்தின் நடுவே தோன்றுவனவற்றை அங்கே பேனாவால் எழுதலாம். வாரக் கடைசியில் அவ்வரிகளைக் கைப்பேசியில் ஏற்றி, முடிந்தவற்றை அங்கும் நீக்கிவிட்டுப் புதிய படி எடுக்க வேண்டும். பாஸ்புக்கையும் வங்கிப் பதிவையும் ஒப்பிட்டு நேர்செய்வது போன்ற வேலை இது. இதைச் செய்யத் தவறினால் ஒரு மாதத்துக்குள் ஒன்றோடொன்று ஒவ்வாத இரண்டு பட்டியல்கள் இருக்கும். அதைவிடக் காகிதமே இல்லாதிருப்பது நன்று.

வாரத்தாளைவிட முக்கியமான இன்னொரு தாள் உண்டு. அது குடும்பத்தின் ஆண்டுத்தாள்.

பல குடும்பங்களில் பணக் கடமைகள் யாவும் ஒருவரின் கைப்பேசியில் அடங்கியிருக்கின்றன. அவர் திடீரென மருத்துவமனையில் சேர்க்கப்பட்டால், அந்தக் கைப்பேசி அவர் விரல்ரேகைக்காகக் காத்திருக்கும். வீட்டுக்கடன் தவணை எந்தக் கணக்கிலிருந்து கழிகிறது, அதில் இருப்பு வைக்க வேண்டிய நாள் எது, மருத்துவக் காப்பீட்டுத் தொகை கட்டியாயிற்றா, எந்த வைப்பு எப்போது முதிர்கிறது என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை அந்தத் திரைக்குப் பின்னே இருக்கும். துணைவருக்கோ பிள்ளைகளுக்கோ அது எட்டாது. இத்தகைய நாளில் அலமாரியிலுள்ள ஒரு தாளின் மதிப்பைச் சொல்லத் தேவையில்லை.

அத்தாளில் முதலில் வர வேண்டியவை தேதிகள். முன்கூட்டிய வருமான வரி செலுத்துவோருக்கு ஜூன் 15, செப்டம்பர் 15, டிசம்பர் 15, மார்ச் 15. பொது வருங்கால வைப்பு நிதிக்கு நிதியாண்டில் குறைந்தது 500 ரூபாய் செலுத்தியாக வேண்டும். ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதி முடிவிலிருந்து மாத இறுதி வரை உள்ள மிகக் குறைந்த இருப்புக்கே அதில் வட்டி கணக்கிடப்படுவதால், செலுத்துவதை 5-ஆம் தேதிக்குள் செலுத்துவது நல்லது. மத்திய அரசு ஓய்வூதியர்கள் வாழ்நாள் சான்று அளிக்கும் மாதம் நவம்பர். 80 வயது நிறைந்தோர் அக்டோபர் முதல் தேதியிலிருந்தே அளிக்கலாம். பிரதமரின் ஜீவன் ஜோதி, சுரக்ஷா காப்பீடுகளின் ஆண்டு ஜூன் 1-இல் தொடங்குகிறது. அதற்கு முன்னர் கணக்கில் 436 ரூபாயும் 20 ரூபாயும் கழியுமளவு இருப்பு வேண்டும்.

அடுத்து வருவன, உங்கள் வைப்புகளின் முதிர்வு நாட்கள். தானாகப் புதுப்பிக்கும்படி அறிவுறுத்தாத வைப்பு முதிர்ந்து, பெறப்படாமல் கிடந்தால், அக்காலத்துக்குச் சேமிப்புக் கணக்கு வட்டி, ஒப்பந்த வட்டி ஆகிய இரண்டில் குறைந்ததே கிடைக்கும். இரண்டாண்டுகளுக்கு மேல் வாடிக்கையாளர் எவ்விதப் பரிவர்த்தனையும் செய்யாத சேமிப்புக் கணக்கு செயல்படாக் கணக்காகிறது. பத்தாண்டுகள் கோரப்படாத தொகை ரிசர்வ் வங்கியின் வைப்பாளர் கல்வி, விழிப்புணர்வு நிதிக்கு மாற்றப்படுகிறது. அது பறிபோவதில்லை, உரியவர் பின்னரும் வங்கியிடம் கேட்டுப் பெறலாம். 2023-இல் தொடங்கப்பட்ட ‘உத்கம்’ தளத்தில் அத்தகைய வைப்புகளைத் தேடவும் முடியும். ஆனால் அங்கே தேட நேர்வதற்குப் பெரும்பாலும் காரணம், எந்த வங்கியில் எந்தக் கணக்கு என்பது குடும்பத்தில் வேறெவருக்கும் தெரியாமற்போனதே.

ஒவ்வொரு கணக்குக்கும் நேரே நியமனதாரர் பதிவு செய்யப்பட்டிருக்கிறதா என்பதற்கு ஒரு சிறு கட்டம் விடுங்கள். 2025 நவம்பர் 1 முதல் ஒரு வைப்புக்கு நால்வர் வரை நியமிக்கலாம். ஒரே நேரத்தில் பங்கு பிரித்தும் நியமிக்கலாம், ஒருவருக்குப்பின் ஒருவர் என்றும் நியமிக்கலாம். பெட்டகத்துக்கு ஒருவருக்குப்பின் ஒருவர் என்ற முறை மட்டுமே உண்டு. இந்தக் கட்டம் வெறுமையாக இருப்பதைத் திரையில் எவரும் கவனிப்பதில்லை. தாளில் அது கண்ணில் உறுத்திக்கொண்டே இருக்கும்.

எவரும் படிக்கலாம் என்பது தாளின் சிறப்பு; அதன் ஆபத்தும் அதுவே. கடவுச்சொல், ஏ.டி.எம். அட்டையின் இரகசிய எண், அட்டையின் பின்புற மூவிலக்க எண் ஆகியவற்றை எந்தத் தாளிலும் எழுதாதீர்கள். கணக்கு எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள் போதும். உரியவருக்கு அடையாளம் தெரியும், மற்றவருக்குப் பயன்படாது. பெட்டகச் சாவி இருக்குமிடத்தை வாயால் சொல்லி வையுங்கள். வாரத்தாள் சமையலறைக் கதவில் தொங்கலாம். ஆண்டுத்தாள் பத்திரங்களோடு பூட்டிய இடத்தில் இருக்கட்டும். வெளிக்கடையில் அச்சிடுவோர் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும்: வாட்ஸப்பிலோ மின்னஞ்சலிலோ நீங்கள் அனுப்பிய கோப்பு, நீங்கள் வீடு திரும்பிய பின்னும் அந்தக் கணினியில் இருக்கும். உங்கள் கண்முன்னே அதை அழிக்கச் சொல்லுங்கள். ஆண்டுத்தாளை மட்டுமாவது கையால் எழுதிவிடுவது இன்னும் நன்று. அதன் ஓரத்தில் 1930 என்ற எண்ணையும் குறித்து வையுங்கள். இணையவழிப் பண மோசடியை உடனே தெரிவிப்பதற்கான தேசிய உதவி எண் அது.

ஆண்டுத்தாளைப் புதுப்பிக்க ஏப்ரல் முதல் வாரம் ஏற்ற காலம். புதிய நிதியாண்டு தொடங்கியிருக்கும்; மார்ச்சில் திறந்த வைப்புகளின் விவரமும் கையில் இருக்கும். துணைவரையும் அருகில் அமர்த்திக்கொண்டு, வரிவரியாக உரக்கப் படித்து எழுதுங்கள். பழைய தாளைப் பழைய செய்தித்தாள்களோடு சேர்த்துக் கடைக்குப் போட வேண்டாம். அன்றே சிறு துண்டுகளாகக் கிழித்துவிடுங்கள்.