மண்ணில்லாக் கீரைப் பயிரில் வேரழுகல்

மண்ணின் உதவியின்றி, சத்து உப்புக்கள் கரைந்த நீரிலேயே பயிர் வளர்க்கும் முறைக்குக் கலிபோர்னியா சர்வகலாசாலையைச் சேர்ந்த கெரிக் என்பவர் 1937-ஆம் ஆண்டில் 'ஹைட்ரோபோனிக்ஸ்' என்னும் பெயரை வழங்கினார். இந்தியாவில் 1946-ஆம் ஆண்டு தொடங்கி வங்காளத்துக் காலிம்பாங்கில் ஷோல்டோ டக்ளஸ் என்பவர் இதனைச் சோதித்துப் பார்த்தார். இப்பொழுது நகரங்களை அடுத்த கிராமங்களில் நிலமுடையோர் சிலரும் நிழல்வலைக் குடில் அமைத்து, லெட்டூஸ், ஸ்பினாச்சு முதலிய கீரைகளை இம்முறையில் பயிரிட்டு வருகின்றனர். மண்ணே இல்லாதவிடத்து மண்வழி வரும் வியாதி எங்ஙனம் வரும் என்று எண்ணி முதல் போடுவோர் உளர். அவ்வெண்ணம் தவறானது. இம்முறைக்கு நேரும் பெருஞ்சேதம் வேரழுகலாலேயே நேர்கிறது.

இதற்குக் காரணமான பிதியம் என்னும் நுண்ணுயிர் குடியானவர்களுக்குப் புதிதன்று. புகையிலை, மிளகாய், தக்காளி நாற்றங்கால்களில் நாற்றுக்கள் அடித்தண்டு நைந்து சாய்வதும், இஞ்சி வயலில் கிழங்கு அழுகுவதும் இதன் இனத்தாலேயே. பூசணம் போலத் தோன்றினும், இது மெய்ப்பூசண வகுப்பைச் சேராது. நீர்ப்பாசிகளில் சிலவற்றுக்கே நெருங்கிய உறவுடையது. ஆகவே நீரே இதன் சொந்த வீடு எனலாம். இதன் நுண்வித்துக்கள் இரண்டு இழைகளை வால் போல் அசைத்து நீந்தி, வேரினின்று கசியும் சத்தை நாடிச் சென்று ஒட்டிக்கொள்ளும். நாற்றங்காலில் நோய் திட்டுத்திட்டாகவே பரவும். ஒரே தொட்டி நீர் எல்லாச் செடிகளையும் சுற்றி வரும் அமைப்பிலோ, ஒரு செடிக்கு வந்த நோய் சில நாட்களில் குடில் முழுவதையும் அடையக்கூடும்.

நோயுற்ற வேர் வெண்மை நீங்கிப் பழுப்பாகும். விரலால் உருவினால் மேற்தோல் உறைபோற் கழன்று, உள்நரம்பு மட்டும் நூல்போல் நிற்கும். நடுப்பகலில் இலை துவண்டு மாலையில் தெளிவது முதற்குறி. குறி யாதுமின்றி வரும் சேதமும் உண்டு. பிதியத்தின் ஒரு வகை மெல்லிய சல்லிவேர்களை மட்டும் தின்றுவிட, லெட்டூஸ் பச்சையாகவே நிற்கும். தராசில் வைக்கும்போதுதான் எடைக்குறைவு தெரியும். எனவே வாரம் ஒரு முறையேனும் சில செடிகளைத் தூக்கி வேரைப் பார்த்தல் வேண்டும்.

உஷ்ணமே இந்நோய்க்குப் பெருந்துணை. 20 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணத்தில் ஒரு லிட்டர் நீர் ஏறக்குறைய 9 மில்லிகிராம் பிராணவாயுவைத் தாங்கும்; 30 டிகிரியில் 7½ மில்லிகிராமே தாங்கும். அதே சமயம் வேரின் சுவாசத் தேவையோ உஷ்ணத்தோடு ஏறுகிறது. மூச்சுத் திணறும் வேரில் பிதியம் எளிதிற் புகும். ஆதலின் சத்துநீர்த் தொட்டியை வெயிலில் வைத்தல் கூடாது. அதனை நிலத்திற் புதைத்தோ, கூரைக்கீழ் மூடிவைத்தோ, குழாய்களுக்கு வெள்ளை பூசியோ சூட்டைக் குறைக்கலாம். திரும்பும் நீர் உயரத்தினின்று சிதறி விழுமாறு செய்தால் செலவின்றிக் காற்றும் கலக்கும். ஆனால் குளிர்ச்சி ஒன்றே போதாது. 1980-களில் அமெரிக்காவின் அரிசோனாவில் ஸ்பினாச்சுக் கீரையில் நடந்த ஆராய்ச்சியில், வெப்பநீரில் ஒரு பிதியமும் குளிர்நீரில் வேறொரு பிதியமும் வேரை அழிக்கக் கண்டனர்.

நோய் கண்டவுடன் தொட்டியில் மருந்து கொட்டும் வழக்கம் கண்டிக்கத்தக்கது. நட்டு ஒரு மாதம் சென்றதும் அறுத்து, பச்சையாகவே உண்ணப்படும் கீரையில் மருந்து தங்கிவிடும். பிதியமும் நாளடைவில் சில மருந்துகளுக்கு அடங்காததாகிவிடுகிறது. சூடோமோனாஸ், பேசில்லஸ் ஆகிய நன்மை செய்யும் பாக்டீரியாக்களை நாற்றுப்பருவத்திலேயே இடுதல் ஓரளவு காப்பளிக்கும். அழுகிய வேரை அவையும் மீட்கமாட்டா.

சிறு பண்ணைக்கு ஏற்ற சிக்கனமான சாதனம் மெதுமணல் வடிகட்டி. 1829-ஆம் ஆண்டில் லண்டன் நகரக் குடிநீருக்காக ஜேம்ஸ் சிம்ப்ஸன் அமைத்த அதே முறைதான். தொட்டியின் அடியில் சரளையும், அதன்மேல் கழுவிய நுண்மணல் மூன்றடி ஆழத்துக்கும் இட்டு, மணலுக்கு மேல் எப்பொழுதும் நீர் நிற்கச் செய்யவேண்டும். சில வாரங்களில் மணலின் மேற்புறத்தில் நன்னுயிர்கள் சேர்ந்த வழவழப்பான ஏடு படியும். பிதியத்தைப் பெரும்பாலும் தடுப்பது இவ்வேடே. ஒரு சதுர மீட்டர் மணற்பரப்பில் மணிக்கு 100 லிட்டர் வீதம் விட்டால், ஒரு நாளில் 2,400 லிட்டர் நீர் வடியும். ஆயிரம் லிட்டர்த் தொட்டிக்கு இது தாராளம். அவசரப்பட்டு 300 லிட்டருக்கு மேல் விடலாகாது. இரவும் பகலும் நீர் ஓடவேண்டும். ஓட்டம் நின்றால் ஏடு மூச்சற்று மாண்டுவிடும். மின்சாரம் அடிக்கடி தடைப்படும் ஊர்களில் மேல்தொட்டி ஒன்று அவசியம். நீர் இறங்குவது மந்தமானால் மேல்மணலை ஓர் அங்குலத்துக்குள் சுரண்டி நீக்கினாற் போதும். வைரஸ் நோய்களுக்கு இதனை முழுதும் நம்புதல் இயலாது.

வடிகட்டி சுற்றிவரும் நீரைக் காக்குமேயன்றி, குழாயில் ஏற்கெனவே அழுகிய வேரைக் காவாது. குளத்து நீரும் வாய்க்கால் நீரும் நோய்வித்துக்களைக் கொணரும். கிணற்று நீரே மேல். வயற்சேற்றுக் காலோடு குடிலுள் நுழைதல் கூடாது. ஈரமான பாசியில் பெருகும் சிறு கொசுவீக்களும் நோயைச் சுமக்கும். ஆதலின் வெளிச்சம் படாமல் நீரை மூடிவைத்துப் பாசியைத் தடுத்தல் வேண்டும். அறுவடைக்குப்பின் வேர்த்துணுக்குகளை முற்றும் தேய்த்து நீக்கியபின்னரே சலவைத்தூள் கரைசலால் கழுவுக. துணுக்குகள் இருப்பின் மருந்தின் வீரியம் அவற்றிலேயே கழிந்துபோம். இறுதியில் நல்ல நீரால் அலசவேண்டும்.

கழித்த சத்துநீரில் நைட்ரேட் உப்பு மிகுதி. அதனை ஊர்க்குளத்திலோ குடிநீர்க் கிணற்றருகிலோ விடாதபடி கிராம அதிகாரிகள் பார்த்துக்கொள்ளவேண்டும். தென்னைக்கும் தீவனப்புல்லுக்கும் அதனை நீர் கலந்து பாய்ச்சலாம். நாற்றங்காலுக்கும் இஞ்சிக்கும் ஆகாது.