தாத்தா முகத்தை இழுக்காதீங்க பாஸ்!

ஃபேர்வெல் அன்னைக்கு செல்போன்ல எடுத்த வீடியோவை எல்லாம் ஒண்ணா சேர்த்து, டி.வி.டி.யில 'ரைட்' பண்ணி, ஆசையா டி.வி.யில போட்டுப் பார்க்கறீங்க. ஏற்கெனவே ஒல்லியா இருக்கற நண்பன், ஒட்டடைக்குச்சி மாதிரி தெரியறான்! அடுத்த டிஸ்க்குல அப்பா - அம்மா கல்யாண கேசட். அதுல மாப்பிள்ளை பூசணிக்காய் மாதிரி உப்பியிருக்கார். கேமராமேனைத் திட்டாதீங்க. கோளாறு 'ஆஸ்பெக்ட் ரேஷியோ'வுல!

படத்தோட அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம்தான் அது. பழைய டப்பா டி.வி., வி.ஹெச்.எஸ். கேசட் எல்லாம் 4:3. இப்போதைய டி.வி.யும், படுக்க வச்சு எடுத்த செல்போன் வீடியோவும் பெரும்பாலும் 16:9.

இங்கேதான் டி.வி.டி. ஒரு வேலை காட்டுது. நம்ம ஊர் 'பால்' முறை டி.வி.டி.யில படம் வழக்கமா 720 × 576 புள்ளிகள். 720-ஐ 576-ஆல் வகுத்தா 1.25. ஆனா, 4:3-ன்னா 1.33 வரணும், 16:9-ன்னா 1.78 வரணும். ரெண்டும் இல்லையே! காரணம், இந்தப் புள்ளிகள் சதுரம் இல்லை. 'இதை 4:3-ஆ காட்டு', 'இதை 16:9-ஆ காட்டு'ன்னு டிஸ்க்குல ஒரு குறிப்பு இருக்கும். பிளேயர் அதைப் பார்த்துத்தான் படத்தை விரிக்கும். குறிப்பு மாறிப்போனா, அகல வீடியோ ஒல்லியாகும். பழைய கேசட் குண்டாகும். அவ்ளோதான் மேட்டர்!

சரி, என்ன பண்ணலாம்?

* முதல்ல ரிமோட்டை எடுங்க. டி.வி.யில 'வைட்', 'ஜூம்'னு ஏதாவது அமுங்கியிருக்கலாம். பிளேயர் செட்டப்லயும் உங்க டி.வி.க்கு ஏத்த வடிவம் இருக்கான்னு பாருங்க.

* 'மீடியா இன்ஃபோ' இலவச சாஃப்ட்வேர்ல ஃபைலைத் திறந்தா, அதோட விகிதத்தைச் சொல்லிடும்.

* 'டி.வி.டி. ஸ்டைலர்' மாதிரி சாஃப்ட்வேர்ல புது டிஸ்க் ஆரம்பிக்கும்போதே 4:3-யா, 16:9-ஆ-ன்னு கேட்கும். கண்ணை மூடிக்கிட்டு 'ஓகே' அமுக்காதீங்க!

* ஒரே டிஸ்க்குல ரெண்டும் வேணுமா? 16:9 வச்சுக்கிட்டு, கேசட் வீடியோவுக்கு ரெண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விடுங்க. செல்போனை நிமிர்த்திப் பிடிச்சு எடுத்த வீடியோவுக்கும் இதே வைத்தியம்தான். பட்டை இருந்தா குத்தமில்லை. முகம் இழுபட்டாதான் குத்தம்.

* படத்துல ஒரு சுவர்க்கடிகாரத்தையோ, பைக் சக்கரத்தையோ தேடுங்க. வட்டம் வட்டமா தெரிஞ்சா நீங்க பாஸ்! முட்டையா தெரிஞ்சா அரியர்தான். அதனால, முதல்ல அழிச்சு எழுதற ஆர்.டபிள்யூ. டிஸ்க்குல சோதனை பண்ணுங்க.

ஒல்லியான நண்பனைப் பார்த்து சிரிச்சுட்டுப் போயிடலாம். கல்யாண கேசட் அப்படி இல்லை. நாடா வருஷத்துக்கு வருஷம் கெட்டுக்கிட்டே வருது. அதுல, இப்போ உயிரோட இல்லாத தாத்தா பந்தியில நின்னு சிரிக்கற அரை நிமிஷம் இருக்கலாம். குறிப்பு மட்டும் தப்புன்னா மாத்திக்கலாம். ஆனா, படத்தையே இழுத்து ஃபைலாக்கி, கேசட்டையும் தூக்கிப் போட்டுட்டா, நாளைக்கு உங்க பிள்ளைங்களுக்கு அந்த உப்பின முகம்தான் கொள்ளுத்தாத்தா!

அதனால, கேசட்டுல இருந்து எடுத்த முதல் ஃபைலை 4:3-லயே தனியா பத்திரப்படுத்துங்க. அப்புறமா டிஸ்க் போடுங்க. தாத்தா, தாத்தாவாவே இருக்கட்டும்!