அடுப்போடு அமைந்த வெந்நீர்த் தொட்டி

கொடியடுப்பு என்னும் சொல்லை இன்றைய மாணவர்களில் பலர் கேட்டிருக்க மாட்டார்கள். மண்ணால் அமைந்த பேரடுப்பின் பக்கத்திலே, விறகு வைக்க வாயில்லாத சிற்றடுப்பு ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். பேரடுப்பின் சுவரிலுள்ள துளை வழியாக அனல் அதனுள் புகும். பேரடுப்பில் சோறு கொதிக்கும்போது கொடியடுப்பில் குழம்பு சுண்டும். அல்லது ஒரு தவலை வெந்நீர் காயும். அதற்கென்று ஒரு சுள்ளிகூடத் தனியே செலவாவதில்லை. சோற்றுப் பானையைச் சூடாக்கிவிட்டு வீணே வெளியேறும் வெப்பத்தை வழிமறித்து வேலை வாங்கும் ஏற்பாடு அது.

இதே கருத்துத்தான் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வார்ப்பிரும்பு அடுப்போடு ஒன்றாய் அமைந்த வெந்நீர்த் தொட்டியாக உருவெடுத்தது. அத்தொட்டி எவ்வாறு வேலை செய்கிறது, அதனை எங்கே வைத்தால் நன்மை, எப்படி வைத்தால் அது வீட்டாரின் உயிருக்கே உலை வைக்கும் என்பவற்றைக் காண்போம்.

முதலில் ஒரு கணக்கு. காய்ந்த விறகு ஒரு கிலோ முற்றும் எரிந்தால் ஏறக்குறைய 3,500 கிலோ கலோரி வெப்பம் தரும். ஒரு குடும்பம் நாளொன்றுக்கு 3 கிலோ விறகு எரிப்பதாகக் கொண்டால் மொத்தம் 10,500 கிலோ கலோரி. கல்கூட்டிய திறந்த அடுப்பில் இதில் பத்தில் ஒரு பங்கு, மிகுந்து போனால் ஏழில் ஒரு பங்கு, பாத்திரத்தைச் சேரும். எஞ்சியது புகையோடும், அடுப்பின் சுவரோடும், சமைப்பவரின் முகத்தோடும் போய்விடுகிறது. இனி, நால்வர் குளிக்க ஆளுக்கு 15 லிட்டர் வீதம் 60 லிட்டர் நீர் வேண்டும். அதனை 25 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்கு உயர்த்துவதற்கு ஆகும் வெப்பம் 900 கிலோ கலோரி. அதாவது, வீணாகும் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கைப் பிடித்தால் போதும். அதைப் பிடிக்காமல் அதே திறந்த அடுப்பில் வெந்நீரைத் தனியே காய்ச்சினாலோ, மேலும் சுமார் 2 கிலோ விறகு வேண்டும். விறகு சுமந்து வரும் பெண்மணிக்கு இந்த 2 கிலோவின் பொருள் நன்கு தெரியும்.

லண்டன் இரும்பு வணிகரான தாமஸ் ராபின்சன் என்பவர் 1780ஆம் ஆண்டில், கணப்பின் ஒரு பக்கத்தில் இரும்பாலான ரொட்டியடுப்பைச் சேர்த்து அமைப்பதற்கு உரிமம் பெற்றார். சில ஆண்டுகளுக்குள் மறுபக்கத்தில் வெந்நீர்த் தொட்டியும் வந்து சேர்ந்தது. நடுவே நெருப்பு, ஒரு பக்கம் ரொட்டி, மறுபக்கம் வெந்நீர். தொட்டியின் முகத்தில் பித்தளைக் குழாய். பின்னர் அமெரிக்கப் பண்ணை வீடுகளில் பரவிய இரும்பு அடுப்பில் முறை சற்று வேறு. தீயறை ஒரு கோடியில் இருக்கும். அனல் ரொட்டியடுப்பைச் சுற்றிவந்து, கடைசியாக மறுகோடியிலுள்ள தொட்டியைத் தடவிவிட்டுப் புகைபோக்கிக்குப் போகும். தொட்டிக்கு மேலே சாதாரண மூடி. அதைத் திறந்து அகப்பையால் மொண்டுகொள்ள வேண்டியதுதான். பார்ப்பதற்கு எளியதாயினும் இவ்வமைப்பே சிறந்தது என்பது என் கருத்து. காரணத்தைச் சொல்கிறேன்.

தொட்டியை நெருப்பை ஒட்டி வைத்தால் நீர் விரைவிற் காயும் என்று எவர்க்கும் தோன்றும். காயவும் செய்யும். ஆனால் நீர் நிறைந்த இரும்புச் சுவர் எவ்வளவு நெருப்பிலும் 100 டிகிரியை அதிகம் தாண்டாது. விறகிலிருந்து எழும் வாயுக்கள் முற்றும் எரிவதற்கோ 600 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பம் வேண்டும். ஆகவே, சுடர் அச்சுவரைத் தீண்டிய இடத்திலே குளிர்ந்து, பாதி எரிந்த நிலையிற் கரியாகப் படிகிறது. புகை மிகுகிறது, சோற்றுக்குரிய வெப்பமும் குறைகிறது. படிந்த கரியோ வெப்பத்தை எளிதில் கடத்தாத பொருள். நாளடைவில் தொட்டிக்கே அது போர்வையாகிவிடும். சமையலுக்கு உரியதைப் பறித்துக் குளியலுக்குக் கொடுப்பதில் சிக்கனம் ஏது?

தொட்டியைச் சமையலுக்குப் பின்னால், புகைவழியில் வைத்தால் இக்குறை இல்லை. அங்கும் ஓர் எல்லை உண்டு. புகைபோக்கி புகையை மேலே இழுப்பதற்குக் காரணம், அதனுள் இருக்கும் வாயு வெளிக்காற்றைவிடச் சூடாகவும் இலேசாகவும் இருப்பதே. பெரிய தொட்டியை வைத்து அந்தச் சூட்டை எல்லாம் உறிஞ்சிவிட்டால், இழுப்பு நின்று புகை அடுப்பங்கரைக்கே திரும்பும். தாரும் நீரும் குழாயின் உட்புறத்தில் வடியும். புகைபோக்கிக்கு உரிய பங்கை அதற்கு விட்டுத்தான் ஆக வேண்டும்.

இனி, தொட்டிக்குள் நடப்பதைப் பார்ப்போம். வெப்பச்சலனம் என்றால் என்ன என்று தேர்வில் கேட்டால் இரண்டு வரியில் இலக்கணம் எழுதிவிடும் மாணவர், வெந்நீர்த் தொட்டியின் குழாய் எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்று கேட்டால் விழிப்பார். இதை வகுப்பறையில் பலமுறை கண்டிருக்கிறேன். இச்சலனத்தைக் கூர்ந்து கண்டு எழுதியவர்களுள் முதன்மையானவர் ரம்ஃபோர்டு பிரபு. 1753இல் அமெரிக்காவிற் பிறந்து, பவேரிய ஆட்சியாளரிடம் பணிபுரிந்தவர். மியூனிக் நகரின் ஏழையர் தொழிற்கூடத்தில் ஆயிரம் பேருக்கு மேல் உணவளிக்கும் பொறுப்பு அவருடையது. விறகைச் சிக்கனம் செய்வதற்காக மூடிய அடுப்புகளைத் தாமே வகுத்தார். ஒருமுறை, சாராயம் நிரம்பிய பெரிய வெப்பமானி ஒன்றை ஆறுவதற்காகச் சன்னலருகே வைத்திருந்தார். உள்ளே தற்செயலாகக் கலந்திருந்த தூசித் துகள்கள் நடுவில் மேலேறுவதையும், கண்ணாடிச் சுவரையொட்டிக் கீழிறங்குவதையும் கண்டார். ஆறும் திரவம் தானே சுழல்கிறது என்பது அவருக்கு விளங்கியது. அந்த ஊக்கத்தில், திரவங்கள் வெப்பத்தைக் கடத்தவே மாட்டா என்றும் சொல்லிவிட்டார். அது மிகை, நீர் வெப்பத்தைக் கடத்தும், மிகக் குறைவாகக் கடத்தும்.

ஒரு லிட்டர் நீர் 25 டிகிரியில் ஏறத்தாழ 997 கிராம் எடையுள்ளது. 60 டிகிரியில் 983 கிராம். வேறுபாடு 14 கிராமே. ஆயினும் தொட்டியின் நீரை இயக்க இது போதும். அடுப்பின் பின்புறம் சிறு கொதிகலனும், அதனினும் உயரத்தில் பெரிய தொட்டியும் அமைத்து, இரண்டையும் இரு குழாய்களால் இணைத்தால், சூடான நீர் ஒரு குழாயில் மேலேறித் தொட்டியின் தலைப்பகுதியைச் சேரும். தொட்டியின் அடியிலுள்ள குளிர்ந்த நீர் மறு குழாயில் இறங்கிக் கொதிகலனுக்கு வரும். பம்பு வேண்டுவதில்லை. இன்று வீடுகளின் மேல்மாடியில் காணும் சூரிய வெந்நீர்க் கருவிகள் பலவற்றிலும் நடப்பது இதுவே. தொட்டி ஏன் எப்போதும் பலகைக்கு மேலேயே இருக்கிறது என்பதற்கு விடையும் இதுவே. சூடு மேலேயும் குளிர்ச்சி கீழேயும் தங்குவதால், வெந்நீரை மேலிருந்து எடுப்பதும் தண்ணீரை அடியிற் சேர்ப்பதும் முறை. நம் வீடுகளில் இருந்த செப்புப் பாய்லர்களில் ஒருவகை இதை அழகாகச் செய்யும். அடிவரை செல்லும் குழலில் ஒரு செம்பு தண்ணீரை ஊற்றினால், மேல்மூக்கு வழியாக ஒரு செம்பு வெந்நீர் வழியும்.

அந்தப் பாய்லரின் மூக்குக்கு மூடியில்லை என்பதைக் கவனியுங்கள். அங்கேதான் இப்பொருளின் உயிர்நிலை இருக்கிறது.

திறந்த தொட்டியில் நீர் எவ்வளவு கொதித்தாலும் ஆவி எழும், நீர் குறையும், வேறு தீங்கில்லை. மூடிய தொட்டியின் இயல்பு வேறு. ஒரு லிட்டர் நீர் ஆவியானால் ஏறக்குறைய 1,700 லிட்டர் இடம் கேட்கும். கொதிநிலைக்கு வருமுன்பே 100 லிட்டர் நீர் 80 டிகிரிக்குச் சூடேறினால் இரண்டரை லிட்டர் பெருகும். போக வழியில்லையெனில் தொட்டியின் மூட்டுகளை அது பிளக்கப் பார்க்கும். இதனினும் கொடியது ஒன்று உண்டு. அடைபட்ட நீர் 100 டிகிரியில் கொதிக்காமல் மேலும் மேலும் சூடேறிக்கொண்டே போகும். 50 லிட்டர் நீர் 150 டிகிரியை அடைந்த நிலையில் தொட்டி விரிசல் கண்டதாகக் கொள்ளுங்கள். ஒவ்வொரு கிலோவிலும் மிகையாக உள்ள 50 கிலோ கலோரி அந்தக் கணமே விடுபடுகிறது. ஒரு கிலோ நீரை ஆவியாக்க 540 கிலோ கலோரி போதும் என்பது உங்கள் பாடத்தில் உள்ளதே. வகுத்துப் பார்த்தால் நாலரைக் கிலோ நீர் நொடியில் ஆவியாகி, 7,000 லிட்டருக்கு மேல் விரியும். சுவரும் கூரையும் பெயர்வதற்கு வெடிமருந்து தேவையில்லை.

இங்கிலாந்தில் குளிர்காலத்தில் அடுப்பங்கரைக் கொதிகலன்கள் வெடித்தமைக்குக் காரணம் இதுவே. இரவில் கடும்பனியால் குழாய்களில் நீர் உறைந்து கட்டியாகிவிடும். காலையில் எழுந்த பணிப்பெண் வழக்கம்போல் அடுப்பை மூட்டுவாள். நீர் ஏறவும் வழியில்லை, ஆவி போகவும் வழியில்லை. 1882இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் கொதிகலன் வெடிப்புகளை விசாரிக்கச் சட்டம் செய்தது. ஆனால் வீட்டுப் பயனுக்கு மட்டுமே உள்ள கொதிகலன்களை அச்சட்டத்தின் எல்லைக்கு வெளியே நிறுத்திவிட்டது. ஆலையில் வெடித்தால் விசாரணை; அடுப்பங்கரையில் வெடித்தால் இல்லை! அடுப்பை மூட்டுபவள் யார் என்பதை எண்ணினால், இவ்வேறுபாட்டின் காரணம் ஓரளவு புலப்படும்.

நம் ஊரில் பனிக்கட்டி அடைக்காது என்று இருந்துவிடக் கூடாது. பழைய இரும்புப் பீப்பாயைப் பட்டறையில் கொடுத்து, நாற்புறமும் பற்றவைத்து, ஒரே ஒரு குழாய் பொருத்தி அடுப்பின்மேல் ஏற்றினால், அந்தக் குழாயை மூடிய கணத்தில் அது அடைபட்ட கொதிகலன்தான். தொட்டியின் உச்சியிலிருந்து வானத்தைப் பார்த்து ஒரு குழல் எப்போதும் திறந்தே இருக்க வேண்டும். அதில் திருகோ அடைப்போ எக்காரணத்தாலும் கூடாது. நீர் வற்றிப் பழுக்கக் காய்ந்த வார்ப்பிரும்புத் தொட்டியில் தண்ணீர் ஊற்றுவதும் ஆபத்து. இரும்பு வெடித்துப் பிளக்கும். தீயை அணைத்து, தொட்டி ஆறிய பின்னரே ஊற்ற வேண்டும்.

அயல்நாட்டு அமைப்பு நமக்கு அப்படியே பொருந்துமா எனின், ஒரு தடை உண்டு. குளிர்நாட்டில் அடுப்பு நாள் முழுவதும் எரியும். நம் வீடுகளில் காலையும் மாலையும் ஓரிரு மணி நேரமே எரியும். மேலும், குளித்த பிறகே அடுப்பு மூட்டுவது பல வீடுகளில் வழக்கம். அடுப்பெரிந்து வெந்நீர் கிடைக்கும்போது குளியல் முடிந்திருக்கும்! ஆகவே, நமக்கு வேண்டுவது இரவுச் சமையலின் வெப்பத்தைக் காலைவரை காக்கும் தொட்டி. தொட்டியைச் சுற்றி நான்கு விரற்கடை கனத்துக்கு உமியை அடைத்து வெளியே மண்பூசினால் பெரும்பகுதி வெப்பம் தங்கும். ஸ்வீடனின் குஸ்டாஃப் தலேன் 1922இல் வகுத்த அடுப்பின் மறைபொருளும் இத்தகைய போர்வையே. 1912இல் வெடிவிபத்தில் கண்ணிழந்து, அவ்வாண்டே இயற்பியலில் நோபல் பரிசு பெற்ற அவர், வீட்டிலிருந்தபடி சிந்தித்த பொருள் சமையலடுப்பு.

நம் நாட்டிலும் முயற்சிகள் நடந்தன. தஞ்சையிற் பிறந்த ஜே. சி. குமரப்பா வழிநடத்திய அகில இந்தியக் கிராமக் கைத்தொழிற் சங்கம், வார்தாவிலிருந்து 1947இல் ‘மகன் சூலா’ என்னும் புகைபோக்கியுள்ள அடுப்பை வெளியிட்டது. மத்திய அரசு 1983இல் தொடங்கிய மேம்பட்ட அடுப்புத் திட்டம் 2002வரை நடந்தது. இத்தகைய அடுப்புகளில் பல கண்கள் வரிசையாக இருக்கும்; கடைசிக் கண்ணுக்கு வரும் அனல் சமையலுக்குப் போதாமையால் அதில் வெந்நீர் வைப்பர். பெயர் வேறாயினும் அது நம் கொடியடுப்பே. புகைபோக்கியைத் துடைப்பாரும், உடைந்ததைச் செப்பனிடுவாரும் இன்றிப் பல அடுப்புகள் கைவிடப்பட்டன. 2016இல் தொடங்கிய உஜ்வலா திட்டத்திற்குப் பின் எரிவாயு பெருகியுள்ளது. எனினும், சமையலைக் கூடத்துக்குள் எரிவாயுவில் முடித்துவிட்டு, வெந்நீருக்காகக் கொல்லையில் தென்னை மட்டையை எரிக்கும் வீடுகள் சிற்றூர்களில் இன்றும் உண்டு. விடுதிகளிலும் திருமணக் கூடங்களிலும் விறகடுப்பு எரியும் இடங்களில் இத்தொட்டிக்கு நல்ல வேலை இருக்கிறது.

ஆழ்துளைக் கிணற்று நீரைக் காய்ச்சுவோர்க்கு ஒன்று. அந்நீரில் கரைந்துள்ள கால்சியம் பைகார்பனேட்டு, சூடு பட்டவுடன் சிதைந்து சுண்ணாம்புக் கல்லாகப் படியும். தேநீர்க் கடைப் பாய்லரின் உட்புறத்தில் வெண்மையாக ஒட்டியிருப்பது அதுவே. அது கனத்தால் நீர் காய்வது தாமதமாகும். திறந்திருக்க வேண்டிய குழலையும் அடைத்துவிடும். திங்களுக்கு ஒருமுறை தீயில்லாத வேளையில் கெட்டியாகக் கரைத்த புளிநீரை நிரப்பி, நுரை அடங்கும்வரை ஊறவிட்டு, தேய்த்துக் கழுவ வேண்டும். செப்புத் தொட்டியாயின் அந்தப் புளிநீரை ஆடுமாடு நக்காத இடத்தில் கொட்டிவிடுங்கள்.