சுவர் வெடிக்குதா? பூசுறதுக்கு முன்னாடி கீழே பாருங்க

ஜன்னல் மூலையில் ஆரம்பித்து, படிக்கட்டு மாதிரி செங்கல் இணைப்பு வழியாகச் சாய்வாக ஏறும் விரிசல். கோவில்பட்டி, விருதுநகர், அருப்புக்கோட்டை பக்கம் கரிசல் மண்ணில் வீடு கட்டியவர்களுக்கு இதை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. என் பாட்டி வீட்டிலும் இருந்தது. ஒவ்வொரு பொங்கலுக்கும் சிமெண்ட் வைத்துப் பூசி வெள்ளை அடிப்பார்கள். சித்திரை வெயில் வந்தால் மறுபடி அதே இடத்தில் வாயைத் திறக்கும்.

கோளாறு சுவரில் இல்லை, மண்ணில் இருக்கு. கரிசல் மண் ஈரம் பட்டால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். கோடையில் காடு பாளம் பாளமாக வெடிக்குமே, அதே மண்தான் வீட்டுக்கு அடியிலும். வெளிச்சுவர் ஓரத்து மண் சீக்கிரம் காயும். நடுவீட்டுக்கு அடியில் ஈரம் தங்கும். வீடு முழுக்கச் சமமாக இறங்கினால் சேதம் குறைவு. ஒரு மூலை மட்டும் இறங்கும்போதுதான் சுவர் கிழிகிறது. குளம், பழைய கிணறு மூடிய மனைகளிலும், கழிவுநீர்க் குழாய் கசியும் இடங்களிலும் இதே கதைதான்.

பூச்சில் மட்டும் தெரியும் மயிரிழை விரிசலுக்குப் பயப்பட வேண்டாம். விரிசல் உள்ளேயும் வெளியேயும் ஒரே இடத்தில் தெரிகிறது, 5 மில்லிமீட்டருக்கு மேல் அகலம், கதவு திடீரென்று நிலையில் இடிக்கிறது என்றால் கட்டமைப்புப் பொறியாளரைக் கூப்பிடுங்க. அதுவரை ஒரு வேலை செய்யலாம். விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை இரு முனையிலும் சிமெண்ட் வைத்து ஒட்டி, தேதி எழுதுங்க. கண்ணாடி உடைந்தால் வீடு இன்னும் நகர்கிறது என்று அர்த்தம். ஒரு மழைக்காலம், ஒரு கோடை பார்த்தால் நிலவரம் புரியும்.

ஆனால் விரிசல் நாளுக்கு நாள் அகலமாகிறது, சுவர் வயிறு தள்ளுகிறது என்றால் காத்திருக்கக் கூடாது. வீட்டைக் காலி செய்துவிட்டு மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077-ல் சொல்லுங்க.

சரிசெய்வதில் முதல் வேலை தண்ணீர். குழாய்க் கசிவை அடைக்கணும், வீட்டைச் சுற்றி 3 அடி அகலத்துக்கு வெளிப்பக்கம் சரிவாகத் தளம் போடணும். மழைநீர் சேகரிப்புக் குழி கட்டாயம் இருக்கணும்தான், ஆனால் சுவரை ஒட்டி வேண்டாம், தள்ளி அமையுங்க. பல வீடுகளில் இதோடயே விரிசல் நின்றுவிடும். பக்கத்தில் பெரிய வேப்பமரம் இருந்தால் அவசரப்பட்டு வெட்டாதீங்க. அது குடித்துவந்த ஈரம் மண்ணிலேயே தங்கி, மண் உப்பி, சுவரை மேலே தூக்கிவிடும்.

அப்படியும் நிற்கவில்லை என்றால் பழைய அஸ்திவாரத்துக்கு அடியில் ஆழமாகத் தோண்டிப் புதுக் கான்கிரீட் கொடுப்பார்கள். உயிர் போகிற தப்பு நடப்பது இங்கேதான். "ஒரே நாள்ல முழுசாத் தோண்டிடலாம்" என்று சொல்லும் மேஸ்திரியை நம்பாதீங்க. சுவருக்கு முட்டுக் கொடுத்து, 3 அல்லது 4 அடி நீளத் துண்டாக, ஒன்று விட்டு ஒன்றாகத்தான் தோண்டணும். கான்கிரீட் இறுகி, பழைய அஸ்திவாரத்துக்கும் அதற்கும் நடுவே உள்ள இடைவெளியைக் கெட்டியான கலவையால் அடைத்த பிறகே அடுத்த துண்டு. முழு நீளமும் தோண்டினால் சுவர் உள்ளே நிற்கும் ஆள்மேலேயே விழும். விரிசலைப் பூசுவது எல்லாவற்றுக்கும் கடைசி.

புதிதாகக் கட்டுகிறவர்களுக்கு வழி சுலபம். ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் கரிசல் மண்ணுக்கென்றே அடியில் குமிழ் போல அகன்ற தூண் அஸ்திவாரத்தை உருவாக்கியது. சுமார் 3.5 மீட்டர் ஆழத்தில், பருவத்துக்குப் பருவம் ஈரம் மாறாத மண்ணில் அது ஊன்றி நிற்கும்.

எதுவானாலும் முதலில் மண் பரிசோதனை. வேளாண் துறை தரும் மண் வள அட்டை இதற்கு உதவாது, அது உரத்துக்கானது. நீங்கள் கேட்க வேண்டியது மண்ணின் தாங்குதிறனும் உப்பும் தன்மையும். சிவில் ஆய்வகம் உள்ள பொறியியல் கல்லூரிகளில் விசாரியுங்க, அறிக்கையை எழுத்தில் வாங்கிக்கோங்க.