விசைவில்: உடலோடு சுமக்கும் துப்பாக்கியின் இழுவை இயல்

புனேயிலிருந்து நாசிக் நோக்கிச் செல்லும் பெருவழியில், வடக்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் அமைந்த சாகண் இன்று ஊர்தித் தொழிலின் நகர். பஜாஜ், மகிந்திரா, ஃபோக்ஸ்வாகன் ஆலைகளையும், அவற்றுக்குச் சுருள்வில்லும் அழுத்துதகடும் செய்து தரும் பட்டறைகளையும் கடந்து ஊருக்குள் சென்றால் சங்கிராம்துர்க் என்னும் தரைக்கோட்டையின் எச்சங்களைக் காணலாம். 1660ஆம் ஆண்டின் மழைக்காலத்தில், சிவாஜியின் கோட்டைத்தலைவர் பிரங்கோஜி நர்சாளா இக்கோட்டைக்குள் இருந்தவாறே சாயிஸ்தா கானின் முகலாயப் பெரும்படையை ஏறத்தாழ எட்டு வாரங்கள் எதிர்த்து நின்றார். நிலத்தடியில் குடைந்து வெடிமருந்து வைத்துக் கொத்தளத்தைத் தகர்த்த பின்னரே கோட்டை வீழ்ந்தது.

அந்நாளில் வழங்கியது திரித்துப்பாக்கி. அதன் விசைவில் ஓர் எளிய நெம்புகோல். ஒரு முனையை விரல் இழுக்க, மறுமுனை கனலும் திரியைத் தாழ்த்தி மருந்தில் தொடுவிக்கும். திரி கனன்றுகொண்டே இருந்தால்தான் துப்பாக்கி ஆயத்தமாக இருக்கும். ஆனால் கனலும் திரியை இடுப்பில் செருகிக்கொண்டு எவரும் நடமாட இயலாது. ஆடி மழையில் நனைந்தால் அது அவிந்தும் போகும். வேண்டிய நொடியில் தவறாமல் சுடவேண்டும், வேண்டாத நொடியில் எக்காரணத்தாலும் சுடலாகாது என்னும் இரு கட்டளைகளுக்கும் உடலோடு சுமக்கும் துப்பாக்கி ஒருசேர அடங்கவேண்டும். ஒன்றுக்கு அடங்கும் பொறி மற்றதை மீறவே முனையும். விசைவில்லின் வளர்ச்சி வரலாறு முழுவதும் இம்முரணைத் தீர்க்க எடுத்த முயற்சியே.

விரல் இழுக்கும் உறுப்பை விசைவில் என்போம். இழுக்க வேண்டிய விசையை இழுவிசை என்போம். விசைவில் நகரும் தொலைவை இழுதொலைவு என்போம். துப்பாக்கி வாங்குவோரும் வழங்குவோரும் பெரும்பாலும் இழுவிசை எத்தனை கிலோ என்பதை மட்டுமே கேட்கின்றனர். விசையையும் தொலைவையும் பெருக்கி வரும் ஆற்றலைக் கேட்போர் அரியர். அந்த ஆற்றலே முதன்மையானது என்பது என் துணிபு.

முதலில் ஒற்றை இயக்கம். இதில் அடித்துத் தோட்டாவை வெடிக்கச்செய்யும் சுத்தி முன்கூட்டியே பின்னுக்கு இழுக்கப்பட்டு ஒரு கொக்கியில் நிற்கிறது. விசைவில் அக்கொக்கியை விடுவிக்கும் பணியை மட்டுமே செய்கிறது. நம் படைவீரரும் காவலரும் நெடுங்காலமாக ஏந்திவரும் 9 மி.மீ. '1ஏ' கைத்துப்பாக்கி இவ்வகையினது. வங்காளத்தின் ஈசாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலையில் செய்யப்பட்ட இதன் மூலவடிவம் பெல்ஜியத்தின் எஃப்.என். நிறுவனம் 1935இல் வெளியிட்ட பிரௌனிங் ஹை-பவர். ஜான் பிரௌனிங் 1926இல் மறைந்தபின், தியூதொன்னே செவ் அவர் பணியை நிறைவு செய்தார். 13 தோட்டாக்கள் கொள்ளும் இந்தப் படைப்பில் ஒரு குறையும் உண்டு. தோட்டாக்கூட்டைக் கழற்றினால் சுடாதவாறு தடுக்கும் ஒரு சிறு தண்டு, இழுக்கும்போதெல்லாம் கூட்டின் முகத்தில் உராய்கிறது. இழுவை சொரசொரப்பாக உணரப்படுவதற்கு அவ்வுராய்வே காரணம்.

இரட்டை இயக்கத்தில் விசைவில்லே சுத்தியைப் பின்னுக்குத் தள்ளி, இறுதியில் விடுவிக்கவும் செய்கிறது. 1851இல் இலண்டனில் நடந்த பெருங்கண்காட்சியில் இராபர்ட் ஆடம்சின் சுழல்துப்பாக்கி இவ்வியக்கத்தோடு கோல்ட்டின் ஒற்றை இயக்கத் துப்பாக்கிக்குப் போட்டியாக நின்றது. கிரிமியப் போரில் பணியாற்றிய பொறியாளர் படை அலுவலர் பிரெடெரிக் போமான்ட், 1856இல் இவ்விரு இயக்கங்களையும் ஒரே துப்பாக்கியில் இணைத்தார். கட்டைவிரலால் சுத்தியை ஏற்றிவிட்டு மெல்ல இழுக்கலாம். நெருக்கடியில் ஒரே இழுப்பில் சுடவும் செய்யலாம். கான்பூர் சிறுபடைக்கலத் தொழிற்சாலை செய்யும் .32 சுழல்துப்பாக்கி இன்றும் அதே வழியில் இயங்குகிறது.

இவற்றை எண்ணால் அளந்து பார்ப்போம். ஒற்றை இயக்கத்தில் இழுவிசை 1.8 கிலோ, அதாவது ஏறத்தாழ 18 நியூட்டன். இழுதொலைவு 2 மி.மீ. எனக் கொள்வோம். விரல் செய்யும் வேலை 0.035 ஜூல். இரட்டை இயக்கத்தில் சராசரி இழுவிசை 4 கிலோவும் தொலைவு 15 மி.மீ.யும் எனில் வேலை 0.6 ஜூல். விசை இருமடங்கைச் சற்றே தாண்டியிருக்க, ஆற்றலோ பதினேழு மடங்காகிறது. இப்பெருக்கத்தில் பெரும்பங்கு தொலைவினுடையது.

துப்பாக்கி கைதவறி விழும்போது இவ்வேறுபாடு உயிர்நிலையானது. ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழுவது தரையைத் தொடும்போது நொடிக்கு 5.4 மீட்டர் வேகம் பெறும். கற்றளத்தில் மோதி ஆயிரத்தில் ஒரு நொடியில் நின்றுவிட்டால், 5 கிராம் நிறையுள்ள விசைவில் தன் நிலைமத்தால் 27 நியூட்டன் விசையோடு பின்னுக்குப் பாயும். இது இரண்டே முக்கால் கிலோ. பல துப்பாக்கிகளின் இழுவிசையையே மிஞ்சுவது. விசையை மட்டும் நோக்குவோர் துப்பாக்கி வெடித்துவிடும் என்று முடிவு செய்வர். ஆனால் அவ்விசைவில்லிடம் உள்ள இயக்க ஆற்றல் 0.07 ஜூல் மட்டுமே. ஒற்றை இயக்கத்தின் 0.035 ஜூலை அது எளிதில் கடந்துவிடும்; இரட்டை இயக்கத்தின் 0.6 ஜூலுக்கு முன்னே தோற்றுப்போகும். ஒற்றை இயக்கத் துப்பாக்கியின் பக்கத்தில் காப்புப்பூட்டு கட்டாயமாக அமைந்ததன் காரணங்களுள் ஒன்று இதில் தெளிவாகிறது.

இது ஏட்டுக் கணக்கு அன்று. அமெரிக்கத் தரைப்படை 2017 சனவரியில் தேர்ந்த துப்பாக்கி, சிக் சாவர் நிறுவனத்தின் பி320 குடும்பத்தைச் சேர்ந்தது. அதே ஆண்டு, பொதுவிற்பனைக்கு வந்த பி320 குறிப்பிட்ட கோணத்தில் பின்புறம் தரையில் படும்படி விழுந்தால் வெடிக்கக்கூடும் என்பது வெளிப்பட்டது. ஆகத்து மாதம் அந்நிறுவனம் அறிவித்த திருத்தத்தின் முதன்மைக் கூறுகள் எடை குறைந்த விசைவில்லும் எடை குறைந்த உட்பகுதிகளும். இழுவையைக் கடினமாக்காமல் நிறையைக் குறைத்து நிலைமத்தை அடக்கியது செம்மையான பொறியியல்.

மூன்றாம் வகை அடியூசி இயக்கம். ஆஸ்திரியாவின் காஸ்டன் கிளாக் உருவாக்கி, அந்நாட்டுப் படை 1982இல் ஏற்ற கிளாக் 17 இதனை உலகெங்கும் பரப்பியது. வெளியே சுத்தி இல்லை. உள்ளிருக்கும் அடியூசி பாதி இழுபட்ட நிலையில் நிற்க, விசைவில் மீதியை இழுத்து விடுவிக்கிறது. ஏறத்தாழ 2.5 கிலோ இழுவிசை, 12 மி.மீ.யை ஒட்டிய இழுதொலைவு. சராசரி விசையை 2 கிலோ எனக் கொண்டால் வேலை 0.24 ஜூல், முன் சொன்ன இரண்டுக்கும் இடைப்பட்டது. விசைவில்லின் நடுவே உள்ள சிறு நாவை விரல் அழுத்தினாலன்றி அது நகராது. ஊசியின் பாதையையும் ஒரு தடை மறித்து நிற்கிறது. முதல் தோட்டாவுக்கும் கடைசித் தோட்டாவுக்கும் இழுவை ஒன்றே என்பது இதன் தலையாய சிறப்பு.

அச்சிறப்பு இல்லாதது கலப்பு இயக்கம். 1929இல் ஜெர்மனியின் வால்தர் பிபி, பின்னர் 1938இல் பி38 ஆகியவை இவ்வழியைக் காட்டின. முதல் தோட்டா நீண்ட இரட்டை இழுப்பில் செல்லும். அதன் உதைப்பில் சுத்தி ஏறிக்கொள்ள, இரண்டாவது முதல் குறுகிய ஒற்றை இழுப்பு. அறிவுக்கு உகந்த ஏற்பாடாகவே தோன்றும். ஆனால் அஞ்சி நடுங்கும் கை, ஒரு நொடிக்குள் இருவேறு இழுவைகளுக்குத் தன்னைப் பழக்கிக்கொள்ள வேண்டும். ஆண்டு முழுவதும் தோட்டாக்களைத் தாராளமாகச் செலவிட்டுப் பயிலும் சிறப்புப் படையினருக்கு அது கைவரும். சிலவே சுட்டுப் பழகும் காவலரிடம் அதனைக் கொடுப்பது அவருக்கும் தெருவில் நிற்பவருக்கும் இழைக்கும் தீங்கு என்றே கருதுகிறேன்.

இழுவிசையைக் கூட்டிவிட்டால் எல்லாம் காப்பாகிவிடும் என்று எண்ணிய நகரம் நியூயார்க். சுழல்துப்பாக்கியிலிருந்து மாறிய அதன் காவல்துறை, இழுவிசையை 12 பவுண்டு, அதாவது 5.4 கிலோ அளவுக்கு உயர்த்திக் கேட்டது. எடுத்துக்காட்டாக, கிளாக் 17இன் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே 165 மி.மீ. இடைவெளி. இழுக்கும்போது முன்குறி ஒரு மில்லிமீட்டர் பக்கம் சாய்ந்தால் 10 மீட்டர் தொலைவில் தோட்டா 6 செ.மீ. விலகும், 25 மீட்டரில் 15 செ.மீ. ஒரு கிலோகூட நிறையாத கருவியை ஐந்து கிலோ விசையால் இழுக்கும்போது, அவ்விசையில் சிறு பங்கு பக்கவாட்டில் திரும்பினாலே சாய்வு நேர்ந்துவிடும். 2012 ஆகத்து 24 அன்று எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் முன், கொலை செய்துவிட்டு வந்தவன்மேல் காவலர் இருவர் சுட்டபோது வழிப்போக்கர் ஒன்பதின்மர் காயமுற்றனர். அதற்கு இழுவிசை மட்டுமே காரணம் என்று சொல்ல இயலாது. நெரிசல், அச்சம், சிதறிய துணுக்குகள் எல்லாம் சேர்ந்தவை. ஆயினும் கடினமான இழுவை பொதுமக்களுக்குக் காப்பாகும் என்னும் நம்பிக்கையை அந்நாள் அசைத்தது.

கடினமான இழுவை, விரும்பாத சுடுதலையும் தடுப்பதில்லை. உடலியங்கியல் அறிஞர் இரோஜர் எனோகா 2003இல் எழுதிய ஆய்வுரையில் தன்னறியாத் தசைச் சுருக்கத்துக்கு மூன்று வாயில்களைக் காட்டினார்: திடுக்கிடல், ஒரு கை இறுகும்போது மறுகையும் இறுகுதல், நிலை தடுமாறல். தப்பி ஓடுபவனை இடக்கையால் பற்றும் காவலரின் வலக்கையும் தானாகவே இறுகும். வளர்ந்த ஆடவரின் பிடிவலிமை நாற்பது கிலோவுக்கு மேற்பட்டது; அதில் சுட்டுவிரலின் பங்கே ஐந்து கிலோவைத் தாண்டக்கூடும். எனவே விரல் விசைவில்லின்மேல் இருக்கும்வரை எந்த இழுவிசையும் காப்பாகாது. குறி முடிவாகும்வரை விரல் சட்டகத்தின் பக்கத்தில் நீண்டு கிடக்கவேண்டும். துப்பாக்கி உறையில் இருக்கும்போது விசைவில் முழுவதும் மூடப்பட்டிருக்கவேண்டும்.

விளையாட்டுத் துப்பாக்கியின் நிலை வேறு. புனேயின் பாலேவாடி அரங்கில் பயில்வோர்க்கு, பன்னாட்டு விதிப்படி 10 மீட்டர் காற்றுக் கைத்துப்பாக்கியில் குறைந்த அளவு இழுவிசை 500 கிராம், 25 மீட்டர் கைத்துப்பாக்கியில் 1000 கிராம். அவை உறையில் செருகிச் சுமக்கப்படாதவை; ஆதலின் அம்மென்மை அங்கே பொருந்தும். அங்குப் பெற்ற சுவையைக் காவற்பணிக்குக் கொண்டுவந்து இழுவையை அரம் கொண்டு தேய்த்து மென்மையாக்குவது பெருந்தவறு.

என் தேர்வைச் சொல்லிவிடுகிறேன். காவற்பணிக்கு அடியூசி இயக்கம். இரண்டரைக் கிலோவை ஒட்டிய இழுவிசை, 12 மி.மீ.க்குக் குறையாத இழுதொலைவு, விசைவில்லை முழுதும் மறைக்கும் கெட்டியான உறை. உரிமம் பெற்ற குடிமகனுக்கு நம் சட்டம் 9 மி.மீ. தோட்டாவைத் தடைசெய்திருப்பதால் .32 சுழல்துப்பாக்கியே எளிதில் கிட்டுவது. அதனை அவர் இரட்டை இயக்கத்தில் மட்டுமே பயிலட்டும். சுத்தியை ஏற்றிவைத்துக் காத்திருக்கும் பழக்கம் வேண்டா. 2014இல் கான்பூரில் பெண்களை எண்ணி வெளியிடப்பட்ட 'நிர்பீக்' ஏறத்தாழ 500 கிராம் எடையுள்ளது. அத்தகைய மெல்லெடைத் துப்பாக்கியின் இரட்டை இழுவை 5 கிலோ எனில், கருவியின் எடையைப்போல் பத்து மடங்கு விசையை ஒரே விரல் தரவேண்டும். எடையைக் குறைத்த வடிவமைப்பாளர் இழுவையையும் சீராக்கியிருந்தாலன்றி அப்பெண்ணுக்கு அது உதவாது.

சாகணுக்குத் தெற்கே புனேயின் பாஷாணில், 1958இல் தொடங்கப்பட்ட படைக்கல ஆய்வு வளர்ச்சி நிறுவனம் இயங்குகிறது. அந்நிறுவனமும் மோவ் காலாட்படைப் பள்ளியும் இணைந்து நான்கே மாதத்தில் உருவாக்கிய 'அஸ்மி' என்னும் 9 மி.மீ. பொறித்துப்பாக்கி 2021 சனவரியில் வெளிவந்தது. 2024இல் 550 அஸ்மிகள் வடக்குப் படைப்பிரிவின் கைக்குச் சென்றன. அத்தகைய திறன் படைத்தோர், '1ஏ'யின் இடத்துக்கு வரவேண்டிய பணிக் கைத்துப்பாக்கிக்கும் இலக்கணம் வகுக்கவேண்டும். அவ்விலக்கணத்தில் இழுவிசையோடு இழுதொலைவும், முதல் தோட்டா முதல் ஆயிரமாவது தோட்டா வரை இழுவை எவ்வளவு மாறலாம் என்னும் வரம்பும், எல்லாக் கோணங்களிலும் விழச்செய்து பார்க்கும் சோதனையும் எண்ணோடு எழுதப்படவேண்டும்.